நான் தடுத்த கடைசிக் காட்சி

அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காத காட்சி ஒன்றே ஒன்றுதான். அதை எடுக்கவிடாமல் செய்வதற்காக என் பேத்தியை ஓர் அறைக்குள் உட்காரவைத்தேன். தீட்டு என்பதில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. விஞ்ஞானம் படிப்பித்து, கடைசியில் பாடசாலை அதிபராகி ஓய்வு பெற்றவன் நான். இருந்தும் தீட்டைச் சொல்லித்தான் அவளை உட்காரவைத்தேன். நடந்து இரண்டு வருடமாகிறது. வருத்தமாக இருக்கிறது என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். ஆனால் அதை நினைத்தால் முதலில் வருவது கோபம். தோட்டத்தை நடத்துகிறவர்கள்மீது, ஒழுகுகிற கூரைமீது, என் பேச்சுக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டிய என் மகன்மீது. எல்லாரையும் திட்டி முடித்த பிறகும் கோபம் மிச்சமிருக்கிறது. அந்த மிச்சம் என்னுடையது.

நாங்கள் இருப்பது அக்கரப்பத்தனைக் கடைவீதிக்குச் சற்று மேலே. நான் சம்பாதித்துக் கட்டிய வீடு. மனைவி போன பிறகு மகனுடைய குடும்பம் என்னோடு வந்து சேர்ந்தது. மகனுக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். மருமகள் கடைவீதியில் ஒரு பார்மசியில் நிற்கிறாள். அவர்களுக்கு ஒரே பெண். என் தங்கை மட்டும் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்திலேயே இன்னும் இருக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். கீழே வந்து எங்களோடு இரு என்றால், "ஒங்க வீட்டுல செருப்பக் கழட்டிட்டுப் போகணும், எனக்கு ஒத்துவராது" என்பாள்.

அவளுடைய வீட்டைத்தான் படம் எடுக்க வந்த பெண்ணுக்குப் பிடித்துப்போயிற்று. முப்பது வயதுகூட இருக்காது அந்த இயக்குநருக்கு. பாடசாலை விடுமுறைக்கு அத்தைப்பாட்டி வீட்டில் போய் நின்ற என் பேத்தியை அங்கேதான் பார்த்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் வந்தாள்.

"வணக்கம் சேர். நான் பொகவந்தலாவ. அம்மா அப்பா ரெண்டு பேரும் மலையில வேலை செஞ்சவங்கதான். நான் படிச்சது கொழும்புல. ஒங்க பேத்தி நடிச்சா நல்லா இருக்கும்னு நெனைக்கிறேன்."

"என்னா படம்? சண்டை கிண்டை உண்டா?"

"ஒரு ஆடு கத்தும் சேர். அதுதான் பெரிய சண்டை."

எனக்குச் சிரிப்பு வந்தது. லயத்தில் பிறந்த ஒரு பெண் கெமராவோடு வந்து நிற்கிறாள் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. உட்காரச் சொன்னேன். கதையைச் சொன்னாள். லயத்தில் ஒரு சிறுமி. அவள் வளர்வதுதான் கதை. காலையில் பனிமூட்டம் வந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் விருந்தாளிபோல உட்கார்ந்துகொள்ளும், பிள்ளை அதற்கு ஒரு கோப்பையில் பாலில்லாத பிளேன்டி ஊற்றி வைப்பாள், கோப்பை காலியாகும். மலையில் தொலைந்துபோன பாடசாலைச் சப்பாத்து, நனைந்த நாய்க்குட்டிபோல வாசலுக்குத் தானே நடந்து வந்துவிடும். இதையெல்லாம் வீட்டில் யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு ஓடுவார்கள், வருவார்கள், சமைப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. மருமகள் கதவருகில் நின்று கேட்டாள். பேத்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

கடைசிக் காட்சிக்கு வந்தாள். சிறுமி வயதுக்கு வருகிறாள். லயத்து வழக்கப்படி, வீட்டில் இருக்கிற ஒரே அறையான காம்பராவின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து உட்காரவைக்கிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. தகரம் ஒழுகுகிறது. அம்மா சட்டி, வாளி, பேசின் என்று தரை முழுக்க வைக்கிறாள். அப்போது கூரையிலிருந்து விழுகிற துளிகள் தரைக்கு வராமல் நடுவழியில் நின்றுவிடுகின்றன. காம்பரா முழுக்க அந்தரத்தில் தண்ணீர்த் துளிகள். சிறுமி சேலையை விலக்கிக்கொண்டு எழுந்து, ஒரு துளியும் மேலே படாமல் நடந்து, கதவைத் திறந்து வெளியே போகிறாள். படம் முடிகிறது.

என் சிரிப்பு நின்றது.

அந்தக் காம்பராவில் பிறந்தவன் நான். பேசினில் விழுகிற தண்ணீர்ச் சத்தத்தில் எழுத்துக் கூட்டியவன். ஒழுகுகிற இடம் மாறும்போதெல்லாம் பாயை இழுத்துக்கொண்டு இடம் மாறியவர்கள் நாங்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எந்த மேடை கிடைத்தாலும் அந்தக் கூரையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். தோட்ட நிர்வாகத்திடம் பேசினேன், தொழிற்சங்கத்திடம் பேசினேன், தேர்தலுக்கு வந்தவர்களிடம் பேசினேன். அன்றைக்கும் என் தங்கை நீல நிறத் தார்ப்பாயைத் தகரத்துக்கு மேலே போட்டுப் பழைய டயரைப் பாரமாக வைத்திருந்தாள். அதில் போய் இவள் அழகு பார்க்கிறாளா?

"ஒழுகுறத ஏன் மகள் அழகாக் காட்டுறீங்க?" என்று கேட்டேன். "கொழும்புல உள்ளவங்க பாத்து, அடடா லயத்துல மழை எவ்வளவு வடிவா பெய்யுதுன்னு சொல்லவா?"

"அழகுன்னு காட்டல சேர். சின்னப் புள்ளையில படுத்துக்கிட்டே மேல பாத்துக்கிட்டு இருப்பேன். இது நின்னா எப்படி இருக்கும்னு நெனைப்பேன். அதத்தான் எடுக்கிறேன்."

அவள் சொன்னது அவ்வளவுதான். இப்போது எழுதும்போது அது எனக்கு முழுதாகப் புரிகிறது. அன்றைக்குக் காதிலேயே ஏறவில்லை. நான் என் பாட்டுக்கு அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். கதையில் ஒரு படிப்பித்த மனிதன் வரட்டும், லயத்துக்காகப் போராடட்டும், கடைசியில் புதுத் தகரம் வரட்டும், பிள்ளைகள் காய்ந்த தரையில் உட்கார்ந்து படிக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா என்றேன்.

அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்படி நடந்திருக்கா சேர்?" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மருமகளும் பேத்தியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யோசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் யோசிக்கவில்லை. காட்சியை மாற்றவில்லை. என் கோபத்தில் பாதி நியாயமானது என்று இன்றும் சொல்வேன். மற்றப் பாதி, என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சின்னப் பெண் என் பேச்சை எடுக்காமல் போனாளே என்பதுதான். இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே வைத்திருந்தேன். சேர்த்து வைத்தால் முழுவதும் நியாயமாகத் தெரியும்.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரெல்லாம் பேத்தி நடிக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு வேண்டியிருந்தது.

படப்பிடிப்பு தொடங்கியது. ஆட்கள் நாலைந்து பேர்தான். கெமரா பிடித்தவன் காலிப் பக்கத்துச் சிங்களப் பையன். பேத்தியை "நங்கி, நங்கி" என்று தங்கை முறை வைத்துக் கூப்பிடுவான். என் தங்கை அவனுக்குச் சோறு போட்டே தமிழ் படிப்பித்துவிட்டாள். ஒருநாள் நான் போனபோது அவன் என்னைப் பார்த்து, "வாங்க அண்ணே, மொகத்த ஏன் இப்பிடி வச்சிருக்கீங்க" என்று தங்கை கேட்கிற மாதிரியே அட்சரம் பிசகாமல் கேட்டான். லயமே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்காமல், "புள்ளை நல்லாப் படிக்குது" என்றாள்.

துளிகளைக் கம்ப்யூட்டரில் செய்ய அவர்களிடம் வசதி இல்லை. கண்ணாடி மணிகளை மெல்லிய மீன்பிடி நூலில் கோத்துக் கூரைச் சட்டங்களிலிருந்து தொங்கவிட்டார்கள். வெளியே உண்மையான மழை பெய்கிறபோது, அந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இஸ்தோப்பில் உட்கார்ந்து மணி கோத்தார்கள். என் பேத்திக்கு வேலை, ஒரு மணியும் ஆடாமல் அதற்குள் நடந்து வருவது.

வீட்டிலும் அதே பயிற்சி. தன் அறையில் குறுக்கே கயிறு கட்டி, அதில் நூலில் பொத்தான்களைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒருநாள் நான் நடைபாதையில் நின்றபோது, "தாத்தா, ஆடாம நில்லுங்க. ஒங்களயும் ஒரு துளின்னு நெனச்சுச் சுத்திப் போறேன்" என்றாள். நின்றேன். தோளை ஒருக்களித்து, என் சட்டை நுனிகூடப் படாமல் கடந்து போனாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கையும் காலும் சொன்னபடி கேட்காது. அவளுக்குக் கேட்டது. "எப்படி?" என்று திரும்பிப் பார்த்தாள். "படிப்பையும் கொஞ்சம் பாரு" என்றேன்.

நிர்வாகம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் லயத்தில் படமெடுக்க அனுமதி கொடுத்திருந்தது. புதன்கிழமை மணிகளெல்லாம் கட்டி முடிந்தது. வியாழக்கிழமை காலை பேத்தி அங்கேயே வயதுக்கு வந்துவிட்டாள்.

மருமகள் பார்மசியிலிருந்து நேரே ஓடியிருக்கிறாள். நான் த்ரீவீல் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அமைதியாக நடந்து முடிந்திருந்தது. பிள்ளைக்கு வேறு உடுப்பு மாற்றி, நல்லெண்ணெயும் முட்டையும் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். மணிகளுக்குக் கீழே அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் பெண் உள்ளே வராமல் இஸ்தோப்பில் நின்றாள்.

"வாங்க அண்ணே" என்றாள் தங்கை. "பேத்தி பெரிய மனுஷி ஆயிட்டா. நீங்க என்னா, ஒங்களுக்கு வயித்துவலி வந்த மாதிரி நிக்கிறீங்க?"

மருமகள்தான் விஷயத்துக்கு வந்தாள். "மாமா, சனிக்கிழமை காலையில தலைக்குத் தண்ணி ஊத்திருவோம். புள்ள நல்லா இருக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கடைசி சீனை எடுத்துட்டா முடிஞ்சிரும். சடங்க டிசம்பர் லீவுல, இவரு வந்த பொறகு பெரிசா வச்சுக்கலாம்."

எல்லாரும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. பெண்கள் பேசி முடித்திருந்தார்கள். நியாயமாகவும் முடித்திருந்தார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டு ஒரு பிளேன்டி குடித்துவிட்டு இறங்கியிருக்கலாம்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றேன்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னா மொறை? என்னைய இந்த மூலையிலதானே ஒக்கார வச்சாங்க. மூணாம் நாளே கூடைய மாட்டி மலைக்கு அனுப்பிட்டாங்க. சேலைக்கு அந்தப் பக்கம் நானு, இந்தப் பக்கம் நீங்க பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. விடிகாலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற புள்ளைக்கு ஏது அண்ணே தீட்டு?"

"அப்ப எடமில்ல. இப்ப நம்ம வீட்டுல தனி ரூம் இருக்கு."

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். அந்த அறையை நான் கட்டியது பேத்தி மேசை போட்டுப் படிப்பதற்காக. லயத்தில் ஒரே காம்பராவில் கிடந்தவனின் வீட்டில் பெண்பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். லயத்தில் இடமில்லாததால் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார்கள். என்னிடம் இடம் இருந்ததால் என் பேத்தியை அடைக்க முடிந்தது.

பாயிலிருந்து அவள் பேசினாள். அழவில்லை. "தாத்தா, இது நோயும் இல்ல தீட்டும் இல்லன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. புத்தகத்துல படமெல்லாம் காட்டினீங்களே."

"புத்தகம் வேற, வீடு வேற" என்றேன்.

என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இயக்குநர் வாசலில் நின்றபடியே சொன்னாள். "சேர், புள்ளைக்கு விருப்பமில்லன்னா நான் எடுக்கமாட்டேன். முடியலன்னாலும் எடுக்கமாட்டேன். ஆனா அவ கிட்டயே ஒரு வார்த்தை கேளுங்க."

"விருப்பம் சொல்ற வயசு அவளுக்கு இல்ல."

பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று வீடு வீடாகச் சொல்லப்போகிற நாளில் இதைச் சொன்னேன். மருமகள் மகனுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கொழும்பிலிருந்துகொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னான். அவனை அப்படி வளர்த்தவனும் நான்தான்.

பேத்தியைப் போர்வையால் மூடி த்ரீவீலில் கூட்டிவந்தோம். முழுச் சடங்கும் முறைப்படி முடிகிறவரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொன்னேன். கதவருகில் பாக்குவெட்டியை வைத்தேன். காத்துக் கருப்பு அண்டாமலிருக்க இரும்பு வைப்பது வழக்கம். மருமகள்கூட அதைச் செய்ய நினைக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியனான நான் செய்தேன். பொய்யை ஆரம்பித்த பிறகு அரைகுறையாக நிறுத்தினால் மாட்டிக்கொள்வேனே. கொஞ்ச நேரத்தில் அது கதவுக்கு அடியால் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "தாத்தா, ஒங்க பாக்குவெட்டி. எடுத்துக்கங்க" என்று உள்ளிருந்து குரல்.

சனிக்கிழமை மழை பிடித்தது. அவர்கள் காத்திருந்த மழை. மலைமேல் வெயிலும் மழையும் சேர்ந்து, எல்லாம் வெள்ளியாகத் தெரிந்தது. அவள் அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். நான் முன்னறையில் பத்திரிகை விரித்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இயக்குநர் குடையோடு வந்து கேற்றடியில் நின்றாள். அவள் கெஞ்சினால் என் கோபத்துக்குத் தீனி கிடைத்திருக்கும். கெஞ்சவில்லை.

"நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் மணிகள அவிழ்க்கமாட்டோம் சேர். எப்ப மனசு மாறினாலும் ஒரு போன் போடுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"ஒழுகாத வீட்டுல இருந்துக்கிட்டு ஒழுகுறத எடுக்கிறது சுலபம்" என்றேன்.

"எங்க அம்மா வீடு இன்னும் ஒழுகுது சேர்" என்றாள். குடையைச் சரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஞாயிற்றுக்கிழமையும் மழை பெய்தது. நான் போன் போடவில்லை.

திங்கட்கிழமை கடைவீதியில் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஜீப் என் பக்கத்தில் வந்து நின்றது. அந்த மனிதர் ஒருநாளும் எனக்காக வண்டியை நிறுத்தியதில்லை. கூரை விஷயமாக அவருடைய அலுவலகத்தில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்திருக்கிறேன். உட்காருங்கள் என்று சொன்னதில்லை. அன்றைக்குக் கண்ணாடியை இறக்கிச் சிரித்து, தனக்குத் தெரிந்த உடைந்த தமிழில் பேசினார்.

"மாஸ்டர், நீங்க நல்ல வேலை செஞ்சது. அந்தப் படம் புடிக்கிற ஆட்கள் ஒழுகுற வீடு எல்லாம் எடுக்கப் பாத்தது. வெளிநாட்டுல காட்டினா தேயிலைக்குக் கெட்ட பேர். மேல இருந்து எனக்குத்தான் ஏச்சு வரும். நீங்க பெரிய மனுஷன். புரிஞ்சுக்கிட்டது."

கைகொடுத்தார். நானும் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டேன்.

ஜீப் போன பிறகு அங்கேயே நின்றேன். என் மக்களின் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் காப்பாற்றியது அவரை. வாழ்நாள் முழுவதும் எந்தக் கூரையைப் பற்றிக் கத்தினேனோ, அது யாருடைய கண்ணிலும் படாமல் மறைத்துக் கொடுத்தேன். அவர் கேட்காமலே செய்து கொடுத்தேன். என்னைவிட நல்ல காவல்காரன் அவர்களுக்குச் சம்பளத்துக்குக் கிடைத்திருக்கமாட்டான்.

அங்கிருந்தே பஸ் ஏறி லயத்துக்குப் போனேன். கூரைச் சட்டங்களில் நூல் முடிச்சுகள் மட்டும் மிச்சம். ஆட்கள் காலையிலேயே போய்விட்டார்கள். தங்கை தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். போன் போடச் சொன்னேன். இயக்குநர் எடுத்தாள். நான் பேத்தியை அனுப்புகிறேன் என்றேன். அவள், துரையிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டுப் பார்த்ததாகவும், முடியாது என்றுவிட்டதாகவும் சொன்னாள். "பரவால்ல சேர்" என்றாள். அந்த "பரவால்ல" எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

நான் வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் திறந்து, வெளியே வரலாம் என்று சொன்னேன். பேத்தி, "முறை முடியலியே தாத்தா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முறை முடிகிற வரைக்கும் அவளாகவே உள்ளே இருந்தாள். பச்சைக் குழையில் குடிசை கட்டி, தாய்மாமன் வந்து, தண்ணீர் ஊற்றி எல்லாம் நடந்தது. போட்டோ எடுத்தார்கள். ஒரு போட்டோவிலும் அவள் என் பக்கத்தில் இல்லை.

அடுத்த மாதம் அந்த லயத்துக்குப் புதுத் தகரம் போட்டார்கள். கெமரா ஒன்று வந்து போனதால், மறுபடியும் யாராவது வந்துவிடுவார்கள் என்ற பயம். வேறு காரணமில்லை. நான் பார்க்கப் போனேன். தங்கை மேலே காட்டினாள்.

"பாத்தீங்களா? அந்தப் புள்ள மணி கட்டப்போயி எனக்குத் தகரம் வந்துச்சு. நீங்க மேடையேறிப் பேசிப் பேசி என்னா வந்துச்சு, தொண்டவலிதானே."

அவளோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இயக்குநர் படத்தை முடித்தாள். காட்சி எடுக்க வேறு தோட்டத்தில் இடம் கிடைப்பதற்குள் ஒரு வருடமாகிவிட்டது. அதற்கிடையில் பேத்தி உயர்ந்துவிட்டாள். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை வந்து பார்த்துவிட்டு இயக்குநர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "வளந்துட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வளர்கிற பிள்ளையைப் பற்றிய படத்தில், வளர்ந்துவிட்டாள் என்பதால் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று.

சென்ற வருடம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். குடும்பமாகப் போனோம். மகன்கூட வந்திருந்தான். படம் முழுவதும் திரையில் என் பேத்தி. பனிமூட்டத்துக்குப் பிளேன்டி ஊற்றினாள். சனம் சிரித்தது. அதட்டிச் சப்பாத்தை உள்ளே கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் இருந்த யாரோ, "நல்லாக் கேளு புள்ள, எங்க போச்சுன்னு" என்றார். ஒரு தரம்கூட லயத்துச் சனத்தைக் கேலி செய்யவில்லை. எந்த இடத்தில் கோபப்படலாம் என்று தேடிக்கொண்டே பார்த்தேன். கிடைக்கவில்லை.

கடைசிக் காட்சியில் முதுகு மட்டும் தெரிந்தது. வேறொரு தோட்டத்துப் பிள்ளையின் முதுகு. அந்தப் பிள்ளையும் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் தோளை ஒருக்களிக்கத் தெரியவில்லை. இரண்டு மணிகள் ஆடின. மண்டபத்தில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். என் பேத்தி படம் முழுக்கத் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தக் காட்சி வந்ததும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். கைதட்டல் முடிகிற வரைக்கும் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை, குசினியில் அவள் மட்டும் இருந்தாள். உண்மையைச் சொன்னேன். தீட்டுக்காக இல்லை, அந்தக் காட்சியை எடுக்கவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்றேன். சுற்றிவளைக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தீட்டு பாக்குற ஆளு அறைக்குள்ள வருவாங்களா? நீங்கதானே மூணு நேரமும் சோத்துத் தட்ட கொண்டாந்து கையில தந்தீங்க. எச்சித் தட்டையும் நீங்களே எடுத்துட்டுப் போய்க் கழுவினீங்க." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அப்பவே அம்மாகிட்ட சொன்னேன், தாத்தா சும்மா சொல்றாங்கன்னு. அம்மா, தெரியும், பேசாம இருன்னாங்க."

அப்படியென்றால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரும் என்னை எதிர்த்து நிற்கவில்லை. என் வீடு அப்படிப்பட்ட வீடு என்பது எனக்கு மட்டும்தான் அதுவரை தெரியாமலிருந்தது.

"மன்னிச்சிரு" என்றேன்.

"ரொட்டி சூடா இருக்கு, சாப்பிடுங்க" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை.

இந்த ஏப்ரல் விடுமுறையில் ஒருநாள் காலை நடைபாதையில் ஒரு பயணப்பை இருந்தது. மருமகளும் பேத்தியும் புறப்பட்டு நின்றார்கள்.

"எங்க?" என்றேன்.

"பொகவந்தலாவைக்கு. டிரெக்டர் அக்கா புதுப்படம் எடுக்கிறாங்க" என்றாள் பேத்தி. "இந்த வாட்டி பெரிய புள்ளை வேஷம். அம்மா கூட வாறாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லியாச்சு மாமா" என்றாள் மருமகள்.

"என்கிட்ட யாரும் சொல்லலியே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்ல தாத்தா" என்றாள் பேத்தி. "சொல்லல."

சுள்ளென்று கோபம் வந்தது. அது என்மீதே வந்த கோபம் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. முதலில் அவர்கள்மீதுதான் வந்தது. நான் கட்டிய வீட்டில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். இந்த வயதில் எனக்குக் கைவந்த ஒரே அடக்கம் அதுதான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

"எடுத்துட்டோம் மாமா" என்று சொல்லிக்கொண்டே மருமகள் கேற்றைச் சாத்தினாள்.